வீட்டுக்கு வரும் நற்கருணை: எங்கள் பங்கின் நோயாளர் சந்திப்புப் பணி பற்றிய மதிப்புரை

பினாங்குத் தீவில், ஜெலுத்தோங் பக்கத்து அடுக்குமாடி ஒன்றின் 11ஆவது மாடியில், பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து கட்டிலோடு இருக்கிறார் என் அம்மா. அவருக்கு வயது 81. கடந்த 14 மாதங்களாக ஞாயிறுதோறும் எங்கள் பங்கிலிருந்து, அதாவது எங்கள் பகுதிக் கத்தோலிக்கக் கோயில் சமூகத்திலிருந்து, அவருக்கு நற்கருணை, திருப்பலியில் கிறிஸ்துவின் உடலாக அர்ச்சிக்கப்பட்ட அப்பம், வருகிறது. இந்தப் பணிக்குக் கட்டணம் இல்லை, விளம்பரமும் இல்லை; அதனாலேயே இதைப் பற்றி யாரும் மதிப்புரை எழுதுவதில்லை என்று நினைக்கிறேன். ஆனால் வீட்டில் நோயாளரை வைத்துக்கொண்டு, கோயிலுக்குச் சொல்லி அனுப்பலாமா, அது அவர்களுக்குத் தொந்தரவாகுமோ என்று தயங்கிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் எங்கள் கட்டடத்திலேயே இருக்கின்றன. நானும் அப்படித் தயங்கியவள்தான். இந்தப் பணி எப்படி நடக்கிறது, எதில் நிறைவு, எதில் குறை என்பதை அவர்களுக்காகவே எழுதுகிறேன். பங்கின் பெயரைச் சொல்லவில்லை; நிறைகளோடு குறைகளையும் சொல்லப்போவதால் அதுவே முறை.

வருபவர்கள் இருவர். ஒருவர் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை, ஆயரின் (பிஷப்பின்) அனுமதி பெற்ற நற்கருணைப் பணியாளர். அம்மா அவரை ‘டீச்சர்’ என்றே அழைக்கிறார். உடன் வருபவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் பாஸ்கா திருவிழிப்பில் (உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்தைய இரவு வழிபாட்டில்) திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெற்ற இளைஞர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு முறை வேலை முடித்து, திருப்பலிக்குப் போய்விட்டு, உறங்காமல் நேராக இங்கே வருகிறார். காலைத் தமிழ்த் திருப்பலி முடிந்ததும் புறப்படுகிறார்கள், 11.15க்கும் 11.30க்கும் இடையில் எங்கள் கதவு தட்டப்படும். 14 மாதங்களில் இரண்டு முறை தாமதம் ஆனது. இரண்டு முறையும் அந்தத் தம்பி முன்கூட்டியே புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) செய்தி அனுப்பினார். நேரம் தவறாமையை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. படுக்கையில் இருப்பவருக்கு ஞாயிறு காலை முழுவதும் காத்திருப்புதான். அம்மா எட்டு மணிக்கே தலைவாரிவிடச் சொல்வார். வெள்ளைச் சேலையை மடியில் விரித்துவிடச் சொல்வார். அந்தக் காத்திருப்பை மதிக்காத சந்திப்பு, வேறு எவ்வளவு பக்தியோடு நடந்தாலும், பாதிப் பயன்தான் தரும்.

முதல் நாள் டீச்சர் உள்ளே வந்ததும் செய்தது என் மனத்தில் அப்படியே நிற்கிறது. கழுத்தில் தொங்கிய சிறு தோல் பையில் நற்கருணைச் சிமிழ் இருந்ததால், வாசலில் அவர் யாரோடும் பேச்சுக் கொடுக்கவில்லை. தலையை மட்டும் தாழ்த்திவிட்டு நேராகக் கட்டிலருகே போனார். மருந்து வைக்கும் முக்காலியைத் துடைத்து, தான் கொண்டுவந்த வெண்துணியை நான்கு மடிப்பும் தெரியும்படி விரித்து, சிமிழை அதன் நடுவில் வைத்தார். பிறகு முழந்தாளிட்டார். அவருடைய முழங்காலுக்கும் வயதாகிவிட்டது என்பது கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கிய விதத்திலேயே தெரிந்தது. எழுந்த பிறகுதான் அம்மாவின் செயலற்ற வலக்கையைத் தன் இரு கைகளிலும் எடுத்துக்கொண்டு, ‘சேசுவுக்கே புகழ்’ என்றார். அம்மாவின் வாய் கோணியபடியே அசைந்தது. ‘மரியாயே வாழ்க’ என்ற பதில் தெளிவாக வரவில்லை, ஆனால் வந்தது.

பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவால் ‘தண்ணீர் வேண்டும்’ என்று சொல்லவே முடியாது. தேடுவார், சொல் கிடைக்காது, அழுவார். ஆனால் சிறுவயதில் மனப்பாடமான செபங்களும் பாட்டுகளும் இப்படிப்பட்ட நோயாளரிடம் உடைபடாமல் எஞ்சியிருப்பதுண்டு என்று பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் எங்களுக்குச் சொல்லியிருந்தார். அதை நான் கண்ணால் கண்டது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். கண்டபோதே ஒரு சிக்கலும் தெரிந்தது. கையேட்டில் உள்ளபடி, ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்று டீச்சர் தொடங்கினார். அம்மா பேசாமல் இருந்தார். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, அங்கிருந்த சிறு கோயிலில் திருமுழுக்குப் பெற்று, உபதேசியார் வாய்மொழியாகச் சொல்லித்தர மந்திரம் படித்தவர் அவர். அவருக்குத் தெரிந்தது ‘பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே’ மட்டுமே. புதிய வாசகத்தைக் கோயிலில் பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறார். நோய் அந்தப் பிற்கால அடுக்கை எடுத்துக்கொண்டு, அடியில் கிடந்ததை விட்டுவைத்திருக்கிறது.

இதை நான் டீச்சரிடம் சொல்லவில்லை; சொல்லத் தோன்றவும் இல்லை. அவரே கவனித்திருக்கிறார். அடுத்த ஞாயிறு வந்தபோது கையேட்டின் உள்ளே ஒரு தாள் இருந்தது. அதில் பழைய வாசகத்தைத் தன் கையால் எழுதிக்கொண்டு வந்திருந்தார். ‘பரலோகத்தில் இருக்கிற’ என்று அவர் மெதுவாகத் தொடங்கியதும், அம்மா அவரை முந்திக்கொண்டு, ‘உமது நாமம் அர்ச்சிக்கப்படுவதாக, உமது ராச்சியம் வருக’ என்று முழு வரியையும் சொல்லி முடித்தார். ஐந்து மாதங்களுக்குப் பிறகு அம்மாவின் வாயிலிருந்து நான் கேட்ட முதல் முழு வாக்கியம் அதுதான். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். மதிப்பெண் கொடுப்பதானால், இந்த ஒரு தாளுக்கே என் மதிப்பெண் முழுவதும் போய்விடும்.

இனி, இந்தப் பணியைப் பங்கு மக்கள் செய்யும் சலுகையாகவோ தருமமாகவோ பார்ப்பது தவறு என்ற என் கருத்தைச் சொல்ல வேண்டும். குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கும்போது பெற்றோரும் ஞானப்பெற்றோரும் அலகையை (சாத்தானை) விட்டுவிடுவதாகவும், தந்தை, மகன், தூய ஆவியை நம்புவதாகவும் வாக்களிக்கிறோம். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சபை வெறும் சாட்சியாக உட்கார்ந்திருப்பதில்லை. இது திருச்சபையின் நம்பிக்கை என்று குரு சொல்ல, எல்லாரும் ‘ஆமென்’ என்கிறோம். குழந்தையின் நெற்றியில் சிலுவை வரையும்போது, கிறிஸ்தவச் சமூகமே மகிழ்வோடு அதை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லப்படுகிறது. ஏற்றுக்கொண்ட பிள்ளைக்கு ஏற்றுக்கொண்டவர்கள் பொறுப்பில்லையா? ஞானப்பெற்றோரைப் பற்றிப் பேசும் திருச்சபைச் சட்டம் 872, திருமுழுக்குப் பெற்றவர் அதற்கேற்ற வாழ்வு வாழ உதவுவதை அவர்கள் கடமையாகச் சொல்கிறது. குறைந்தது 16 வயது நிறைந்திருக்க வேண்டும், திருமுழுக்கை உறுதிப்படுத்தும் சடங்கான உறுதிபூசுதல் பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் அதைத் தொடர்ந்து 874இல் வருகின்றன. நம் வீடுகளில் அந்த நிபந்தனைகளைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்கிறோம். யார் தங்கச் சங்கிலி போடுவது, விருந்து எந்த மண்டபத்தில் என்றும் பேசி முடிக்கிறோம். அந்தக் கடமை மட்டும் திருமுழுக்கு முடிந்த அன்றைக்கே மறந்துபோகிறது.

என் அம்மாவின் ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் காலமாகி வெகு காலம் ஆகிறது. 81 வயதில் ஒருவர் தன் திருமுழுக்கு வாக்கைக் காத்து வாழ யார் துணை நிற்பது என்று கேட்டால், அன்று ‘ஆமென்’ சொன்ன சபைதான் மிச்சம் இருக்கிறது. அந்தத் தோட்டத்துச் சபையே இப்போது இல்லை. தோட்டம் வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. ஆனால் திருமுழுக்கு ஒரு தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. அவர் எங்கே குடியேறினாரோ அந்தப் பங்கு அந்த ஆமெனுக்கு வாரிசாகிறது. 2ஆம் நூற்றாண்டின் நடுவில் உரோமையில் வாழ்ந்த புனித யுஸ்தின், அக்காலத்து ஞாயிறு வழிபாட்டை விவரிக்கும்போது, வர இயலாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையைக் கொண்டுபோனார்கள் என்றும், காணிக்கையாகச் சேர்ந்த பணம் அநாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் நோயாளருக்கும் சிறையில் இருப்போருக்கும் போனது என்றும் எழுதியிருக்கிறார். ஆக, டீச்சர் மின்தூக்கியில் ஏறி 11ஆவது மாடிக்கு வருவது புதிதாக யாரோ கண்டுபிடித்த திட்டமன்று. இடையில் பல நூற்றாண்டுகள் இது பெரும்பாலும் குருக்களின் வேலையாகவே இருந்தது. 1973இல் உரோமை வெளியிட்ட அறிவுரைக்குப் பிறகுதான் குருக்கள் அல்லாத பொதுநிலையினர் நற்கருணை வழங்கும் வழி பரவலாகத் திறந்தது. அந்த வழி திறந்திருக்காவிட்டால், ஞாயிறு மூன்று மொழிகளில் திருப்பலி வைக்கும் எங்கள் பங்குத்தந்தை அம்மாவை மாதம் ஒரு முறை பார்ப்பதே அரிதாக இருந்திருக்கும்.

குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை மிகப் பெரியது. அம்மா பொது மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அதே வாரத்தில் நான் பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுத்தேன். ஐந்து மாதங்கள் யாரும் வரவில்லை. இரண்டு முறை தொலைபேசியில் கேட்டபோதும், பட்டியலில் இருக்கிறது, வருவார்கள் என்ற பதில்தான். பிறகு நேரில் போய்ப் பார்த்தால், கட்டட எண் தவறாக எழுதப்பட்டிருந்தது. வந்த பணியாளர் வேறொரு கட்டடத்தின் 11ஆவது மாடியில் கதவைத் தட்டிவிட்டு, அப்படி யாரும் இல்லை என்று குறித்துக் கொடுத்திருக்கிறார். எண்ணைத் தவறாக எழுதுவது யாருக்கும் நேரும். ஆனால் ஒரு நோயாளரைக் காணவில்லை என்ற குறிப்பு வந்த பிறகு, அந்த வீட்டுக்கு ஒரு முறை தொலைபேசியில் அழைத்துக் கேட்க ஐந்து மாதங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு இன்னும் வலிக்கிறது. தங்கள் பொறுப்பில் உள்ள இறைமக்களை அறிந்துகொள்ளவும், குடும்பங்களைச் சந்திக்கவும், நோயாளருக்கு, குறிப்பாக இறப்பை நெருங்குபவர்களுக்கு, அன்போடு துணை நிற்கவும் பங்குத்தந்தையைப் பணிக்கிறது சட்டம் 529. அந்தப் பொறுப்பை ஒரு பட்டியலிடம் ஒப்படைத்தால், பட்டியலையாவது யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். என் புகாருக்குப் பிறகு பங்குத்தந்தையே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார் என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன். இப்போது ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உறவினரின் கைப்பேசி எண் இருக்கிறது.

இரண்டாவது குறை, டீச்சர் ஊரில் இல்லாத வாரங்கள். பள்ளி விடுமுறையில் அவர் கோலாலம்பூரில் மகள் வீட்டுக்குப் போகும்போது மாற்று ஏற்பாடு உண்டு. ஆனால் வந்தவருக்குத் தமிழ் தெரியவில்லை. மிகுந்த மரியாதையுள்ள மனிதர். ஆங்கிலத்தில் செபித்தார், அம்மாவின் நெற்றியில் மென்மையாகச் சிலுவை வரைந்தார். அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார், வாய் திறக்கவில்லை. மொழி போன பிறகும் மொழிதான் வேண்டியிருக்கிறது என்பதைப் பட்டியல் தயாரிப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

மூன்றாவதைக் குறை என்பதைவிட நம் மக்களின் பழைய பயம் என்றே சொல்லலாம். அம்மாவுக்கு நெஞ்சுச் சளி முற்றி மூச்சு வாங்கியபோது, எண்ணெய் பூசிச் செபிக்கச் சாமியாரை (குருவை) வரச் சொல்லலாமா என்று டீச்சர் கேட்டதும் அம்மாவின் முகம் வெளிறிப்போனது. அந்தத் தலைமுறைக்கு அது ‘அவஸ்தைபூசுதல்’. சாமியார் எண்ணெயோடு வந்தால் மரணம் வாசலில் நிற்கிறது என்று பொருள். அது ‘நோயில்பூசுதல்’ ஆகி, உயிர் பிரியும் நேரத்துக்கு மட்டும் உரியதன்று என்று உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவுபடுத்தி அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. நம் வீடுகளில் பெயர்தான் மாறியிருக்கிறது, பயம் மாறவில்லை. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, ‘அம்மா, இது போறதுக்கு இல்ல, எழுந்து உட்கார்றதுக்கு’ என்று ஒரே வரியில் சொன்னார். ஃபாதர் மூன்று நாள் கழித்துத்தான் வர முடிந்தது. அது நீண்ட மூன்று நாள். இதைக் குருக்கள் மட்டுமே கொடுக்க முடியும் என்பதால், நோய் முற்றும் வரை காத்திருக்காமல் முன்னதாகவே கேட்டு வைப்பது நல்லது.

டீச்சருடன் வரும் தம்பியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அவர் நற்கருணை வழங்குபவர் அல்லர். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் எங்கள் அன்பியத்தின் சார்பில் துணைக்கு வருகிறார். தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் 1976 ஆகஸ்டில் ஒரு மாதம் ஒன்றுகூடி நடத்திய புதுப்பித்தல் கூட்டத்திலிருந்தும், அதைத் தொடர்ந்து 1986இல் நடந்த மேய்ப்புப்பணி மாநாட்டிலிருந்தும் வளர்ந்தவை இந்த அடித்தளச் சமூகங்கள். பல இடங்களில் அவை மாதம் ஒரு செபமாலையும் மீகூனும் (அரிசி நூடுல்ஸும்) என்று சுருங்கிவிட்டன என்பது என் வருத்தம். இந்தத் தம்பி அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. செபம் முடிந்து டீச்சர் அம்மாவோடு இருக்கும் நேரத்தில், அவர் என்னைப் பார்த்து, ‘அக்கா, நீங்க இந்த வாரம் தூங்கினீங்களா?’ என்று கேட்பார். முதல் முறை கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அந்த ஓராண்டில் வீட்டுக்கு வந்த எல்லாரும் அம்மாவைப் பற்றித்தான் கேட்டார்கள். அது சரிதான், நோயாளி அவர்தான். பிறகு ஒரு நாள், நீ ஏன் தம்பி இதற்கெல்லாம் வருகிறாய் என்று நானே கேட்டேன். பாஸ்கா இரவில் மெழுகுதிரியைக் கையில் பிடித்துக்கொண்டு ‘நம்புகிறேன்’ என்று மூன்று முறை சொன்னதாகவும், சொன்னது என்னவென்று செய்து பார்த்தால்தான் தனக்குப் புரிகிறது என்றும் சொன்னார். குழந்தையில் திருமுழுக்குப் பெற்ற என்னைப் போன்றவர்கள் அந்த வாக்கை ஆண்டுதோறும் பாஸ்காவில் புதுப்பிக்கிறோம். என் வாயிலிருந்து அது எத்தனையோ முறை வந்திருக்கிறது, அவர் வாயிலிருந்து மூன்று முறைதான்.

எங்கள் கட்டடத்தின் 8ஆவது மாடியில், நீரிழிவால் கால் எடுக்கப்பட்ட ஒரு பெரியவர் ஆண்டுக்கணக்கில் வீட்டிலேயே இருந்திருக்கிறார். அவரும் எங்கள் பங்குதான். ஒரே மின்தூக்கியில் போய்வந்தும் எனக்குத் தெரியவில்லை. தம்பிதான் கீழ்த்தளத்துக் காப்பிக் கடையில் பேச்சுவாக்கில் கேட்டறிந்து பட்டியலில் சேர்த்தார். அவருக்குப் பணத்தட்டுப்பாடும் இருந்ததால் வின்சென்ட் தே பவுல் சபையாருக்கும் தகவல் போனது. பாரிஸில் 1833இல், 20 வயது மாணவராக இருந்த பிரெடெரிக் ஓசனாமும் நண்பர்களும் தொடங்கிய அந்தச் சபையில் வீட்டுச் சந்திப்புதான் இன்றும் முதன்மை வேலை. அவர்களும் இருவர் இருவராகத்தான் போகிறார்கள். கேட்காதவர்களைத் தேடிப் போகும் ஏற்பாடு பட்டியலில் இல்லை, மனிதர்களிடம்தான் இருக்கிறது. அதனால் அது ஆளுக்கு ஆள் மாறுகிறது. இந்தப் பணியின் உண்மையான பலவீனம் இதுவே என்று கருதுகிறேன்.

கேட்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். பங்கு அலுவலகத்தில் பெயரோடு கட்டட எண்ணையும் மாடியையும் உங்கள் கைப்பேசி எண்ணையும் எழுதிக் கொடுத்து, எழுதியதை ஒரு முறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நோயாளருக்கு எந்த மொழியில் செபம் தெரியும் என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். விழுங்குவதில் சிரமம் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு அப்பத்தின் மிகச் சிறு துண்டு ஒன்றை ஒரு கரண்டி தண்ணீரோடு கொடுக்கிறார்கள். அதுவும் இயலாதவர்களுக்குத் திரு இரத்தத்தை (அர்ச்சிக்கப்பட்ட திராட்சை இரசத்தை) மட்டும் வழங்கச் சட்டத்தில் இடம் உண்டு. நற்கருணை வாங்குவதற்கு முன் உண்ணாதிருக்கும் ஒரு மணி நேர நோன்பு முதியோரையும் நோயாளரையும் கட்டுப்படுத்தாது. அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் கட்டுப்படுத்தாது. இது தெரியாமல், காலையில் பசியாறிவிட்ட காரணத்தால் முதல் இரண்டு மாதங்கள் நான் நற்கருணை வாங்காமல் ஒதுங்கி நின்றேன். சுத்தமான ஒரு முக்காலி, மெழுகுதிரி, பாடுபட்ட சுரூபம் (இயேசுவின் உருவம் உள்ள சிலுவை), ஒரு குவளைத் தண்ணீர் போதும். தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். தேநீர் கொடுத்தால் கடைசி வீடாக இருந்தால் மட்டும் குடிப்பார்கள். எங்கள் வீட்டுக்குப் பிறகு இன்னும் மூன்று வீடுகள் இருக்கின்றன.

கடந்த பாஸ்கா ஞாயிறன்று டீச்சர் சிமிழோடு, திருவிழிப்பில் மந்திரித்த தண்ணீரையும் ஒரு சிறு போத்தலில் கொண்டுவந்தார். கோயிலில் எல்லாரும் சொன்னதை நீங்களும் சொல்கிறீர்களா என்று அம்மாவைக் கேட்டார். அம்மா தலையசைத்தார். தம்பி மெழுகுதிரியை ஏற்றி, அம்மாவின் இடக்கையில் வைத்து, அந்தக் கையைத் தன் கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டார். ‘அலகையை விட்டுவிடுகிறீர்களா?’ என்று டீச்சர் வாசித்தார். அம்மா விழித்தார். டீச்சர் தாளிலிருந்து கண்ணை எடுத்து, ஒரு கணம் யோசித்து, ‘பசாசை விட்டுவிடுறீங்களாம்மா?’ என்று மாற்றிக் கேட்டார்.

‘விட்டுவிடுகிறேன்’ என்றார் அம்மா. ஆறு கேள்விகளுக்கும் பதில் வந்தது. நான்காவதில் மட்டும் சொல் தடுமாறியது, அதை மூவரும் அவரோடு சேர்ந்து சொன்னோம். பிறகு டீச்சர் தண்ணீரைத் தொட்டு அம்மாவின் நெற்றியில் வைத்தார். போத்தலில் மிச்சம் இருந்ததை 8ஆவது மாடிப் பெரியவருக்காக எடுத்துக்கொண்டு, இருவரும் மின்தூக்கிக்குப் போனார்கள்.